குங்குமத்தின் மேல் போட்ட பழி

ஏட்டி,

நீ வைத்த பொட்டு இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே செருகியிருந்த மெமரி ஸ்டிக்கை வெளியே எடுத்தேன். பச்சை நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். அதன் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரின் மூலையில் குங்குமம் காய்ந்து ஓரம் கறுத்துப் போயிருந்தது. ஆனாலும் பொட்டாகவே இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். கொஞ்சம் விரலோடு வந்தது, மிச்சம் அங்கேயே இருந்துவிட்டது.

உன் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். லேபர் கேம்ப் ரூமைக் காலி செய்துவிட்டு அம்பர்நாத்தில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் பொதிந்து, கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி, வடாலாவில் மாறி, மடியில் வைத்துக்கொண்டே சான்பாடா வரைக்கும் வந்திருக்கிறார். "நீங்க குடுத்ததுதானம்மா. வித்தா அவளுக்குப் பிடிக்காது. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். காபி போடுகிறேன் என்றதற்கும் நிற்கவில்லை. போர்வைக்குள் உன் நோட்டும் இருந்தது, நீல அட்டை போட்ட நூறு பக்க நோட்டு. அந்த நோட்டைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேரே அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. பத்தாவதோடு உன்னை நிறுத்திவிட்டார்கள். நான் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து, ஆபீஸில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், சான்பாடாவில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். நீ கேம்ப்பிலேயே பிறந்து கேம்ப்பிலேயே கல்யாணமாகி அங்கேயே இருந்துவிட்டாய். ஆனால் நம் இரண்டு பேரில் நிதானம் உன்னிடம்தான் இருந்தது. தமிழ், ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் நான்கிலும் படிவம் நிரப்புவாய். ஒரு கட்டத்தில்கூட அடித்தல் இருக்காது. ரேஷன் கார்டா, ஸ்கூல் அட்மிஷனா, பென்ஷனா, எதற்கும் சந்துக்காரர்கள் உன் வாசலுக்குத்தான் வருவார்கள். எங்கள் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை நான் உனக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது, மாவு டப்பாவுக்கும் சாமி படத்துக்கும் நடுவில் அதற்கு இடம் ஒதுக்கினாய். ஒரு ஸ்கேனரும் வாங்கி வைத்தாய். "என் சேக்காளி கைய வச்சா மிஷின் பேசும்" என்று என்னைப் பற்றி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாய். எனக்கும் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ரூம் சர்வே வருகிறது என்று பேச்சுக் கிளம்பிய வருடம் அது. யார் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்கள் என்பதற்குப் பழைய தேதி போட்ட காகிதம் காட்ட வேண்டும், இல்லையென்றால் ரூம் கைவிட்டுப் போகும் என்றார்கள். சந்தில் அறுபத்துமூன்று வீடு. அத்தனை பேரும் தகரப் பெட்டியிலிருந்தும் தலையணை உறையிலிருந்தும் பழைய லைட் பில்லையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டுவாரியாக அடுக்கித் தருகிறேன் என்று நீ ஒப்புக்கொண்டாய். மிஷின் ஊர்ந்தது. "ஏட்டி, ஒரு பேப்பருக்கு ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவேன். என்னமும் செய்யேன்" என்று போனில் சொன்னாய்.

அந்தச் சனிக்கிழமை புது மெமரி ஸ்டிக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏற்கெனவே உள்ளே இருந்த பழையதோடு இது இரண்டாவது. நீ அதை உள்ளங்கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாய்.

"இது என்னட்டி செய்யும்?"

"நீ ஒரு பேப்பர ஸ்கேன் பண்ணுதல்லா? அது சேவ் ஆகி முடியுற வரைக்கும் இதுதான் கையில பிடிச்சு வச்சிருக்கும்."

"அப்ப கை நடுங்கக் கூடாதுல்லா" என்றாய்.

நான் சிரித்தேன். இருபது வருடம் இந்த வேலையில் இருந்திருக்கிறேன். மெமரி என்றால் என்ன என்பதை ஒருவரும் எனக்கு இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

அதைச் செருகப் போனபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இரு, இரு. புதுசு. வெறுமன உள்ள வைக்காத." சாமி படத்துக்குக் கீழே இருந்த குங்குமச் சிமிழை எடுத்து வந்தாய். புது மிக்ஸிக்கு, புது சிலிண்டருக்கு, மகளின் புது சைக்கிளுக்கு வைத்தது போலவே இதற்கும். "இது தோசக்கல்லு இல்லட்டி, எலக்ட்ரானிக்ஸ்" என்று கத்தினேன். "பொட்டுதானட்டி. ஸ்டிக்கர் மேலதான வைக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாய். மோதிரவிரல் நுனியால் ஒற்றியெடுத்தது மாதிரி ஒரு பொட்டு. ஒரு தூள்கூடச் சிந்தவில்லை. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இதை நன்றாகக் குறித்துக்கொள்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பழைய ஸ்டிக்கின் வேகம் இரண்டாயிரத்து நானூறு. புதியதற்கு மூவாயிரத்து இருநூறு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கம்ப்யூட்டர் தானாகவே மெதுவானதன் வேகத்துக்கே இரண்டையும் ஓட்டும். அதுதான் முறை. எனக்கு அது பொறுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகம் வீணாகிறதே என்று, கம்ப்யூட்டர் எழும்போதே உள்ளே நுழைந்து, அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரையில் அந்த ஒரு வரியை மாற்றினேன். இரண்டும் மூவாயிரத்து இருநூறில் ஓடட்டும் என்றேன். மூங்கிலில் மூட்டையைக் கட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகும்போது, பின்னால் வருகிறவருக்கு முடியுமா என்று கேட்காமல் முன்னால் போகிறவரை ஓடச் சொன்ன மாதிரி. ஆனால் திரை வந்தது. ஸ்கேன் பறந்தது. நீ கைதட்டினாய்.

இப்படி வேகத்தைக் கூட்டினால், ஆளிடம் கொடுப்பதற்கு முன் மெமரியைப் பரிசோதிக்கும் நிரலை நாலைந்து மணி நேரமாவது ஓடவிட வேண்டும். எங்கள் ஆபீஸில் யாராவது அதைச் செய்யாமல் மிஷினைக் கொடுத்தால் நான் சும்மா விடமாட்டேன். அன்றைக்கு நாத்தனார் வீட்டுக்காரர்கள் சாப்பிட வருகிறார்கள் என்று கிங்ஸ் சர்க்கிளில் காபிப் பொடியும் வாழை இலையும் வாங்க வேண்டியிருந்தது. நீதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை உன் போன் வந்தது. "ஏட்டி, நின்னுட்டுட்டி." திரை அப்படியே உறைந்துவிட்டதாம், மவுஸ் அசையவில்லையாம். ஆஃப் செய்து ஆன் செய் என்றேன். புதன்கிழமை மறுபடியும். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை. கேம்ப்பில் கரண்ட் ஏறி இறங்குகிறது என்றேன். சூடு என்றேன், ஃபேன் பக்கம் திருப்பி வை என்றேன். ஸ்கேனர் வயர் என்றேன். "நீ ஒரே நேரத்துல பத்தத் தெறந்து வைக்கிற" என்றேன். நீ ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் திறப்பதே இல்லை. ஆபீஸில் பெரிய அதிகாரி யாராவது இப்படி ஒரு வாரத்தில் நாலு தடவை கூப்பிட்டிருந்தால் ஓடிப் போய் நின்றிருப்பேன். உன்னிடம் அலுத்துக்கொண்டேன். கடைசியில், உன் வாயை அடைப்பதற்காகவே, "எப்ப எப்ப நிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வை, வந்து பாக்கேன்" என்றேன். சொன்னபடி எழுதினாய். நான் ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் மாட்டுங்காவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வந்தவள், போகிற வழியில் பத்து நிமிடம் உன் வீட்டில் எட்டிப்பார்த்தேன். பட்டுப்புடவை கசங்கக் கூடாது என்று குனியாமலே பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னேன். காகிதங்களோடு நாலு பேர் காத்திருந்தார்கள். மூன்று வீடு தள்ளித் தோல் பை தைக்கும் காதர் பாயும் அவர்களில் ஒருவர். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஸ்டிக்கர் மேல் சிவப்பாக உன் பொட்டு தெரிந்தது.

"இதான். நான் அன்னைக்கே சொன்னேன்லா? குங்குமம் ஈரத்த இழுக்கும். தூளு உள்ள போயி கோளாறு பண்ணுது."

அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். உன் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, நான் தெரியாமலா வச்சேன்" என்று முனகினாய். ஸ்டிக்கின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி செருகிவிட்டு, இனிமேல் நிற்காது என்று சொல்லிப் போய்விட்டேன். வேகம் மட்டும் நான் கூட்டியபடியேதான் இருந்தது.

நான் போன பிறகுதான் காதர் பாயின் காகிதத்தை எடுத்தாய். அவர் கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். அப்பா காலத்தில் வந்து குடியேறியவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய லைட் பில். மடித்த இடமெல்லாம் கிழிந்து, எழுத்து வெளிறி இருந்தது. நீ அதை இரண்டு கண்ணாடித் தாளுக்கு நடுவில் வைத்து ஸ்கேன் செய்தாயாம். திரையில் முழுசாகத் தெரிந்தது. அவரையே கூப்பிட்டுக் காட்டினாய். பேர், மீட்டர் நம்பர், தேதி, எல்லாம். அப்புறம் சேவ் செய்தாய். சேவ் ஆவதற்குள் அந்த மிஷினின் கை நடுங்கியது உனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை மழையில் காதர் பாய் வீட்டுக் கூரை ஒழுகி, பரண்மேல் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த அந்த பில் கூழாகிவிட்டது. அவர் கவலைப்படவே இல்லை. "அந்தப் புள்ளகிட்ட இருக்குல்ல" என்றாராம்.

சர்வேக்காரர்களிடம் கொடுப்பதற்காக எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பிரிண்ட் எடுக்க ஆரம்பித்தபோதுதான் நீ அதைப் பார்த்தாய். பதினோரு வீட்டுக் காகிதம் சரியாக இல்லை. அன்று நீ போனில் பேசிய குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "மேல பேரு இருக்குட்டி. கீழ ஒண்ணுமே இல்ல. சாம்பல் பூசுன மாதிரி இருக்கு. ஏட்டி, தேதி கீழதான இருக்கும்?" பத்து வீட்டில் அசல் இருந்தது, மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளலாம். காதர் பாயிடம் இல்லை.

அந்த வாரம்தான் எனக்குப் பயம் வந்தது. வந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு டாக்ஸியில் சான்பாடாவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்காமல்கூட அந்தப் பரிசோதனையை ஓடவிட்டேன். மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் எதையாவது எழுதி, எழுதியதையே திரும்பப் படித்துப் பார்க்கும் நிரல் அது. எழுதியது மாறியிருந்தால் சிவப்பு வரி விழும். பத்து நிமிடத்தில் முதல் வரி விழுந்தது. பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு.

பிறகு ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டுப் பார்த்தேன். பழையது அந்த வேகத்தில் பிழைமேல் பிழை. அதன் சக்திக்கு மீறிய வேகம். நீ பொட்டு வைத்ததை மட்டும் போட்டு அதே வேகத்தில் மதியம் வரைக்கும் ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. கடைசியாக, இரண்டையும் போட்டு, நான் மாற்றிய அந்த ஒரு வரியைப் பழையபடி இரண்டாயிரத்து நானூறுக்கு இறக்கினேன். சாயங்காலம் வரைக்கும் ஓடியது. சுத்தம். வீட்டில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகப்படுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. கெடுத்தது நான். குங்குமத்துக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை.

மறுநாள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து உன் பலகையில் வைத்தேன். நீயும் உன் வீட்டுக்காரரும் காதர் பாயும் காத்திருந்தீர்கள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தேன். "மெமரில கோளாறு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். இனிமே நிக்காது" என்று ஆரம்பித்தேன். மிச்சத்தைச் சொல்வதற்குள் நீ கேட்டுவிட்டாய்.

"குங்குமத்தாலதானட்டி?"

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். காதர் பாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, அந்த மாதிரிதான்" என்றேன்.

நீ அவர் பக்கம் திரும்பினாய். "பாய், நாந்தான் பாய். நான் வச்ச பொட்டாலதான் உங்க பேப்பர் போயிட்டு."

"விடும்மா. வேணும்னா செஞ்ச?" என்றார் அவர்.

நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். நீ கொடுத்த டீயைக் குடித்தேன்.

பதினோரு வீட்டு வாசலுக்கும் போய் நீ மன்னிப்புக் கேட்டாய் என்று உன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காதர் பாய் பில்லுக்கு நகல் கேட்டு லைட் ஆபீஸுக்கு அலைந்தார். நீயும் வேலையைப் போட்டுவிட்டு அவர் கூடவே போய் வரிசையில் நின்றாய். அவ்வளவு பழைய பதிவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். சர்வேக்காரர்கள் அவர் ரூமுக்கு நேராக 'ஆதாரம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். சந்தில் கேலிப் பேச்சு கிளம்பியது. "பொட்டு வச்சே அறுத்துப்புட்டா" என்பார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். மெல்ல மெல்ல ஆட்கள் முனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்கு நான் வந்திருந்தேன். அரிவாள்மனைக்கு, ஸ்கேனருக்கு, மகளின் புத்தகங்களுக்கு, தண்ணீர் டிரம்முக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தாய். கம்ப்யூட்டர் மட்டும் மூளியாக இருந்தது. "அதுக்கு மட்டும் வேண்டாம்டி, நான் பட்டதே போதும்" என்றாய். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. சுண்டல் நன்றாக இருக்கிறது என்றேன். அடிப்பாவி என்று நீ என்னைத் திட்டுவதாக இருந்தால் இந்த இடத்தில் திட்டு.

மஞ்சள் காமாலை என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் ஈரல் என்றார்கள். அப்புறம் டாக்டர் உன் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கடைசி மாதத்தில் மூன்று தடவை உன்னை வந்து பார்த்தேன். மூன்றாவது தடவை, கண்ணெல்லாம் மஞ்சளாக, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் யாரும் இல்லை. சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன்.

"மிஷின் இப்ப நிக்கதே இல்லட்டி" என்றாய். "நீ சரி பண்ணுனதுல இருந்து ஒரு தடவகூட நிக்கல. ஆனா பாயப் பாத்தாத்தான் எனக்கு நெஞ்ச அடைக்கும்."

"அத நெனைக்காத" என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். உன் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. உடம்பு இப்படி இருக்கும்போது எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீ என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்ற பயம்தான். உன் நெஞ்சை அடைத்ததை எடுத்துவிட என்னால் முடிந்திருக்கும். சாத்துக்குடித் தோலை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இனி அந்த நோட்டு.

முதல் பக்கத்தில் உன் மணிமணியான எழுத்தில் இப்படி இருக்கிறது: "சனி. புது ஸ்டிக் போட்டாள். வேகம் கூட்டினாள். நன்றாக ஓடுகிறது." அடுத்து, "திங்கள் 11.20. நின்றது. ஸ்கேன் செய்யும்போது." அதற்கடுத்து, "புதன் 4.05. நின்றது. சேவ் செய்யும்போது." இப்படியே மூன்று பக்கம். கரண்ட் இருந்ததா, ஃபேன் ஓடியதா, வேறு எது திறந்திருந்தது, எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கிறது. நான் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் சரிபார்த்திருக்கிறாய். ஃபேனைத் திருப்பிய பிறகும் நின்றது. வயரை மாற்றிய பிறகும் நின்றது. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: "அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவைகூட நின்றதில்லை. வேகம் கூட்டியதாலா?"

அந்த வரியை ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாய். அதன் கீழே: "போனில் கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம். அவளுக்குத் தெரியும்."

நீ அப்படிக் கேட்டது எனக்கு நினைவே இல்லை ஏட்டி. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆபீஸில் ஏதாவது வேலையாக இருந்திருப்பேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அதெல்லாம் இல்லை என்று சொல்லியிருப்பேன். எந்தப் பரிசோதனையும் இல்லாமல், ஒரு நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டு, மூன்றே வாரத்தில் நீ கண்டுபிடித்துவிட்டாய். காதர் பாயின் காகிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாய். என் பேச்சை நம்பி அதை அடித்தாய். அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு சொல், இரண்டு முறை அடிக்கோடிட்டு: "குங்குமம்." அதற்குப் பிறகு நீ காரணம் எதையும் எழுதவில்லை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு காதர் பாயைப் பார்க்கப் போனேன். உன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அவர் தன் வாசலில் உட்கார்ந்து ஒரு பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வேகத்தை, ஞாயிற்றுக்கிழமை ஓடவிட்ட பரிசோதனையை, அவர் எதிரிலேயே நான் சொன்ன பொய்யை. நோட்டைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நான்தான் படித்துக் காட்டினேன்.

"அப்ப பொட்டு இல்லையா?" என்றார்.

"இல்ல பாய்."

தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். "அந்தப் புள்ள இந்த வாசல்ல வந்து உக்காந்து அழுதுச்சும்மா. எம் பொட்டால உங்க ரூம் போச்சே பாய்ன்னு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. அன்னைக்கு நீங்க வந்து நாந்தான்னு சொல்லிருந்தா, உங்கள நல்லாத் திட்டிருப்பேன். ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பேன். அதோட தீந்திருக்கும்."

நான் நோட்டை மூடினேன்.

"என் ரூமு போனா போவுது, அத அல்லா பாத்துக்கிடுவான். இத எங்கிட்ட எதுக்கும்மா சொல்லுறீங்க? கேக்க வேண்டியவ போயிட்டாளே."

மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். அந்த வீட்டுக்கு வந்த யாரையும் டீ குடிக்காமல் அவர் அனுப்பியதில்லை. அன்று டீ சொல்லவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது ஆபீஸில் யாராவது "நின்றுவிட்டது" என்று வந்தால், நான் முதலில் கேட்பது "எப்போதிலிருந்து?" அடுத்துக் கேட்பது "அதற்கு முன்னால் நான் எதை மாற்றினேன்?" என்ன சொல்கிறார்களோ அதை எழுதிக்கொள்கிறேன். எழுதியதைப் படிக்கவும் செய்கிறேன். உன்னிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டதற்கு நான் கொடுத்த விலை குறைவு. நீயும் காதர் பாயும் கொடுத்ததுதான் அதிகம்.

பதினோரு வாசலுக்கும் நீ ஏறி இறங்கினாய். அதில் ஒன்றுக்குத்தான் நான் போயிருக்கிறேன். மிச்சம் பத்து வீட்டுக்கும் இந்த நோட்டோடு போகப் போகிறேன். உன் வீட்டுக்காரரிடமும் மகளிடமும் சொல்ல வேண்டும்.

ஸ்டிக்கை அதன் இடத்தில் திரும்பச் செருகிவிட்டேன். பொட்டைத் துடைக்கவில்லை. உன் கம்ப்யூட்டர் என் மேசைமேல் மெதுவான வேகத்தில் நிற்காமல் ஓடுகிறது. காதர் பாயின் பில்லைத் திறந்து பார்த்தேன். அவர் அப்பாவின் பெயர் தெளிவாக இருக்கிறது, அதற்குக் கீழே சாம்பல்.

ஸ்கேல் வைத்து நீ அடித்த கோட்டை என்னால் அழிக்க முடியாது. அதற்குக் கீழே இடம் இருந்தது. உன் எழுத்தைப்போல வராவிட்டாலும் நிதானமாக எழுதினேன்: "வேகம் கூட்டியதால்தான். கூட்டியது நான். நீ கேட்டது சரி."